குருவிமலை மார்க் உதட்டுச்சாயம்

நாகரிகம் எங்கே தொடங்கியது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் இழுபறி இருக்கிறது. ஆற்றங்கரை என்கிறார் ஒருவர், குகை என்கிறார் இன்னொருவர். ஆனால் அது எங்கே நிறைவு பெற்றது என்பதில் இனி எவரும் வாய் திறக்க முடியாது. பதுளையிலிருந்து பஸ் ஏறி நமுனுகுலப் பக்கம் போனால் வரும் குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைக் காக்க இருந்து மூடிக்கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஒரு கத்தரிக்கோல் ஒரு சிவப்பு ரிப்பனை வெட்டிய அந்தக் கணத்தில் நாகரிகம் நிறைவு பெற்றது. "குருவிமலைத் தோட்டப் பெண்கள் உதட்டுச்சாய உற்பத்தி நிலையம்" அன்றுதான் திறந்துவைக்கப்பட்டது. செவ்வாய் என்றால் சிவந்த வாய் என்றும் பொருள்படும் என்பதால் கிழமையைக்கூட அதிகாரிகள் ஆராய்ந்தே தேர்ந்திருந்தார்கள்.

நிலையத்தின் உற்பத்தித் தலைவி விஜயலெட்சுமி. வயது நாற்பத்தேழு. கொழுந்தெடுப்பதில் இருபத்தொன்பது வருட அனுபவம், உதட்டுச்சாயத்தில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாத அனுபவம். எல்லோரும் ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

இந்த மகத்தான சாதனைக்கு வித்திட்டது ஒரு மனு. அதை எழுதியவளும் விஜயலெட்சுமிதான்.

தொழிலாளர் வரிசைவீடான நாலாம் நம்பர் லயத்தின் கூரைத் தகரம் விஜயலெட்சுமி பிறப்பதற்கு முன்பே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. தன்னைவிட மூத்தவர்களிடம் கைவைக்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, நிர்வாகம் அதைத் தொடவேயில்லை. கேட்டால் தோட்டம் அரசாங்கத்தைக் காட்டும். அரசாங்கத்தைக் கேட்டால் அது தோட்டத்தைக் காட்டும். இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டே இருந்ததில், கூரையைத் தொட ஒரு கையும் மிஞ்சவில்லை. மழை வெளியே நின்றுவிடும், உள்ளே நிற்காது.

அவளுடைய மூத்த மகள் திலுக்ஷி வெலிமடைப் பக்கம் வாக்கப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு ஐப்பசியில் தாய்வீட்டுக்கு வரவேண்டும். அந்தப் பத்தடிக் காம்பராவில் கட்டில் போடக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நேர் மேலே ஏழு ஓட்டைகள். விஜயலெட்சுமி மல்லாந்து படுத்து எண்ணியிருக்கிறாள். பச்சைப்பிள்ளையின் நெற்றியில் விழப்போகும் முதல் சொட்டுக்குத்தான் அவள் பயந்தாள். ஐப்பசி மழைக்கு முன்னே எப்படியாவது தகரம் வரவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, "கனம் ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினாள். லயத்துப் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். சாட்சிக்கு ஒரு படம் வேண்டும் என்று, மலையிலிருந்து இறங்கி வந்தவர்களை அப்படியே அழைத்து, ஆகமோசமான ஓட்டைகளுக்குக் கீழே நிறுத்தினாள். தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் அவள் புருஷன் தம்பையா போனைத் தூக்கிப் பிடித்தான்.

"கூர நல்லா விழுதான்னு பாருங்க" என்றாள் விஜயலெட்சுமி.

"சும்மா இரு புள்ள. வாய வச்சுக்கிட்டு" என்று தம்பையா மேலே ஒருதடவை பார்த்துக்கொண்டான்.

படம் அருமையாக வந்தது. கூரையின் ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாகப் பளிச்சிட்டது. கீழே முப்பத்திரண்டு பெண்கள். மலையில் குளிருக்கும் அட்டைக்கும் ஈடுகொடுக்க வெற்றிலை போடாமல் யாரால் முடியும்? முப்பத்திரண்டு வாயும் செக்கச்செவேலென்று இருந்தன.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. அரசாங்கக் கடிதத்துக்கு இரண்டு கிழமையில் பதில் வருவது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று லயத்தில் ஒரு பொழுது முழுக்க வாதம் நடந்தது. பதுளையில் உள்ள "மகளிர் மறுமலர்ச்சிச் செயற்றிட்ட அலுவலகத்தில்" கலந்துரையாடலுக்கு வரும்படி அழைப்பு. ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் கூலியைத் தொலைத்துவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு விஜயலெட்சுமி போனாள்.

அலுவலகத்தில் குளிரூட்டி ஓடியது. கூரையில் ஒரு ஓட்டைகூட இல்லை. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். இணைப்பாளர் ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர், பதுளைக்கு வந்து பதினெட்டு வருடம். மலையகப் பெண்களின் கண்ணீரைத் துடைப்பதற்கென்றே பிறந்தவர். அதற்காக இதுவரை நூற்றுப்பதினாலு கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறார். அவர் எழுந்து மின்விளக்கை அணைத்துவிட்டு, தம்பையா எடுத்த படத்தைச் சுவர் முழுக்க விழச்செய்தார். ஒரு கோலை நீட்டினார். கோல் கூரையைத் தொட்டது. விஜயலெட்சுமி நாற்காலி நுனிக்கு வந்தாள். கோல் மெல்லக் கீழே இறங்கி, முன்வரிசையில் நின்ற கருப்பம்மாவின் உதட்டில் போய் நின்றது.

"இதில உங்களுக்கு முதலாவதா என்ன தெரியுது?"

"ஓட்டைங்கய்யா" என்றாள் விஜயலெட்சுமி.

"அது பின்னணி. முன்னுக்கு என்ன இருக்கு?"

"எங்க கருப்பம்மாக்காங்கய்யா."

"உதடு!" என்றார் ஜெயரட்ணம். "முப்பத்திரண்டு பேர். ஒராளும் மிச்சமில்லை, எல்லாற்ற உதடும் சிவப்பு. இவ்வளவு கஷ்டத்துக்குள்ளயும் தங்களை அலங்கரிக்க வேணும் எண்டு ஒரு தாகம். இதைத்தான் நாங்கள் 'சொல்லப்படாத தேவை' எண்டு சொல்லுறது."

"அது வெத்தலைங்கய்யா."

"பாத்தியளோ!" அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "உதட்டுச்சாயம் வாங்க வழியில்லாமல் வெத்திலையால சமாளிக்கினம்."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் "ச்சு" கொட்டினார்கள். ஒரு பெண் அதிகாரி கைக்குட்டையை எடுத்தார்.

"அப்ப தகரம்?"

"பிள்ளை, தகரம் வேற இடம். அதுக்கு எங்களிட்ட நிதித் தலைப்பு இல்லை. உதட்டுச்சாயத்துக்கு இருக்கு. இந்த வருசம் முடிய முதல் செலவழிக்காட்டித் திரும்பிப் போயிடும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. உண்மையான இரக்கம்தான். "ஒண்டு செய்வம். திட்டம் வெற்றி எண்டு ஒரு அறிக்கை போகட்டும். அந்தச் சூட்டோட உங்கட கூரையை நான் மேல அனுப்புறன். இது என்ர வாக்கு."

விஜயலெட்சுமி பஸ்ஸில் வரும்வழி முழுக்க யோசித்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றாலாவது ஏதோ தின்கிற பண்டம். இது என்ன? ஆனாலும் அவள் கையில் இப்போது ஒரு வாக்கு இருந்தது. உதட்டுச்சாயம் வென்றால் கூரை வரும். வென்றுகாட்டிவிட வேண்டியதுதான்.

"கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்றாள் கருப்பம்மா, செய்தியைக் கேட்டதும். "சரி விடு. நம்மளும் கூடவே ஏறிப் பாப்போம்."

ஆவணி முடிவில் பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. பயிற்சி கொடுக்க பண்டாரவளையிலிருந்து றிஸ்னி வந்தாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவள், கொழும்பில் மூன்று மாதம் படித்தவள், கெட்டிக்காரி. அவள் பலகையில் படம் போட்டு விளக்கினாள். உதட்டுச்சாயம் செய்வது லேசுப்பட்ட காரியமல்ல என்பதைக் குருவிமலை அன்று தெரிந்துகொண்டது. தேன்மெழுகையும் பனைமெழுகையும் நிறுத்து, கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து உருக்க வேண்டும். சிவப்புப் பொடியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, நறநறப்பு இல்லாமல் வெண்ணெய்போல வரும்வரை அரைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து, காற்றுக் குமிழி அடங்கும்வரை பொறுமையாகக் கிண்டி, விரல் அளவு குழிகள் உள்ள அச்சில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். இறுகியதும் தட்டி எடுத்து, மினுமினுப்புக்காக ஒரு நொடி நெருப்புச் சுடரில் காட்டிக் குழாயில் செருக வேண்டும்.

மேற்பார்வைக்கு வந்திருந்த ஜெயரட்ணம் ஒரே ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பனைமெழுகோ? எங்கட பனையோ?"

"இல்ல சேர். பிரேசில் பனை."

"அப்படியோ" என்றார். மறுபடி சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அரைக்கிற இயந்திரம் கொழும்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வரும்வரை விஜயலெட்சுமியின் வீட்டு அம்மி அந்தப் பொறுப்பை ஏற்றது. இருபது வருடம் மிளகாய்ச் சம்பல் அரைத்த அம்மி. முதல் தொகுதியைப் பூசிப்பார்த்த றிஸ்னிக்கு உதடு வீங்கிவிட்டது.

"அல்லாஹ்வே! இதுக்குள்ள கொச்சிக்கா உறைப்பு ஈக்கி!"

"உதட்டைத் தடிப்பாக்கிக் காட்டுற சாமான் வெளிநாட்டில இதைவிட விலை" என்று ஜெயரட்ணம் தொலைபேசியிலேயே அதை வெற்றிகளின் கணக்கில் சேர்த்தார்.

நிறுவைப் பொறுப்பு கருப்பம்மாவுக்குக் கொடுக்கப்பட்டது. இங்கேதான் தோட்டத்துத் தராசின் தர்மத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டால் முள் இருபது கிலோ காட்டும். புத்தகத்தில் பதினெட்டு விழும். ஒரு கிலோ சாக்குக்கு, ஒரு கிலோ தண்ணீருக்கு. பங்குனி வெயிலில் இலை பொரிந்து கிடந்தாலும் தண்ணீருக்குக் கழியும். கருப்பம்மாவுக்கு முப்பத்தாறு வருடமாக இப்படித்தான் கழிந்தது. தராசுக்கு முன்னால் நின்றே தலை நரைத்தவள், தராசுக்குப் பின்னால் நிற்பது வாழ்க்கையில் இதுவே முதல்தடவை. புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

றிஸ்னி ஐந்நூறு கிராம் மெழுகு நிறுக்கச் சொன்னாள். கருப்பம்மா ஐந்நூறு நிறுத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, சாக்குக்கு ஐம்பது, தண்ணீருக்கு ஐம்பது என்று கிள்ளி எடுத்து, ஒரு பழைய பால்மாத் தகரத்தில் போட்டுக்கொண்டாள். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. கழிக்காமல் நிறுப்பது அவளுக்கு ஒரு நிறுவையாகவே படவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான். கருப்பம்மாக்கா எவ்வளவு நறுவிசாக நிறுக்கிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் பாராட்டினார்கள்.

அச்சிலிருந்து எடுத்த உதட்டுச்சாயம் முதலில் தலைகுனிந்தது. பிறகு இடுப்பு ஒடிந்தது. பிறகு மேசையில் சாஷ்டாங்கமாக விழுந்தது. அதிகாரிகளைக் கண்டு பழகிய தோட்டத்தில் பிறந்த பொருள், வேறு என்ன செய்யும்? விழுந்த இடத்தில் அது பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. தரப் பரிசோதனைக்காகக் கருப்பம்மாவின் உதட்டில் பூசியபோது மேலுதடும் கீழுதடும் ஒட்டி, ஒருமணி நேரம் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கருப்பம்மா சேர்ந்தாற்போல் ஒருமணி நேரம் பேசாமலிருந்தது குருவிமலை வரலாற்றில் அதுவே முதல்தடவை. அவளுடைய மருமகள் அந்தச் சரக்கில் கொஞ்சம் கிடைக்குமா என்று இரகசியமாகக் கேட்டாள்.

"கொழும்புல படிச்ச மாதிரியே அப்பிடியே செஞ்ச சேர், ஆனா நிக்கிதில்ல" என்று றிஸ்னி தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள்.

"நிக்குதோ விழுகுதோ எண்டு அறிக்கையில ஒரு நிரலும் இல்லை, தங்கச்சி. எத்தினை கிலோ எண்டதுக்கு மட்டும்தான் இருக்கு. உற்பத்தியை விடாதேயுங்கோ."

உற்பத்தி விடப்படவில்லை. புரட்டாசி முடியும்போது பதினொரு கிலோ சிவப்புப் பிசின் வாளிகளில் நிறைந்திருந்தது. குழாய்கள் வெறுமையாக இருந்தன.

ஐப்பசி பிறந்தது. திலுக்ஷி நிறைமாதத்தோடு வந்து இறங்கினாள். தகரம் வரவில்லை. மூன்றாம்நாள் பகலே மலை இருண்டு, இடியோடு ஊற்றத் தொடங்கியது. விஜயலெட்சுமி ஏழு ஓட்டைக்கும் ஏழு சட்டி வைத்தாள். மகள் சட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டாவதாக ஒரு புது ஓட்டை. முதல் சொட்டு மகளின் வயிற்றுமேல் விழுந்தது. வயிற்றுக்குள்ளிருந்த பிள்ளை திடுக்கிட்டு உதைத்தது, சேலைக்கு மேலேயே தெரிந்தது. விஜயலெட்சுமி உள்ளங்கையைக் குவித்து அந்தச் சொட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எவ்வளவு நேரம்தான் இப்படிக் கையை ஏந்திக்கொண்டு நிற்பது?

அப்போதுதான் அவள் கண் தன் சுண்டுவிரல் நகத்தின்மேல் போனது. நாலுநாளுக்கு முன் நகத்தில் ஒட்டிய உதட்டுச்சாயம். துணி துவைத்து, பாத்திரம் கழுவி, மழையில் கொழுந்தெடுத்தும் போகாமல் அப்படியே இருந்தது. தண்ணீர் அதன்மேல் உருண்டு ஓடியது.

"இந்தாங்க" என்றாள் புருஷனிடம். "கூரையில ஏறுறீங்களா?"

மழை விட்டதும் தம்பையா ஒரு கரண்டியும் ஒரு சிரட்டை உதட்டுச்சாயமுமாக ஏறினான். எட்டு ஓட்டைக்கும் எட்டு அப்பு. மறுநாள் அதைவிடப் பெரிய மழை. விஜயலெட்சுமி அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். ஒரு சொட்டு இல்லை. ஏழு சட்டியும் காய்ந்து கிடந்தன. பக்கத்துக் காம்பராவிலிருந்து கருப்பம்மா வந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆம்பிளைகள் எல்லோரும் கூரையில் இருந்தார்கள். ஓட்டைக்கு ஓட்டை, ஆணிக்கு ஆணி, பதினாறு காம்பராவுக்கும் பூசி முடித்தபோது வாளிகள் துடைத்துவைத்தது போலாயின.

வியாழக்கிழமை பதுளை ஆஸ்பத்திரியில் திலுக்ஷிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று பின்னேரம் மழை தகரத்தில் கல்லெறிவது போலக் கொட்டியது. பிள்ளை அந்தச் சத்தத்திலேயே தூங்கியது, காய்ந்த தலையோடும் காய்ந்த துணியோடும். விஜயலெட்சுமி கட்டிலடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். இருபத்தொன்பது வருடத்தில் ஐப்பசி மழையை உட்கார்ந்து ரசித்தது அன்றுதான்.

திறப்புவிழா அடுத்த செவ்வாய். திங்கட்கிழமை காலை ஜெயரட்ணம் ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். வெறும் வாளிகளைக் கண்டு திகைத்தார்.

"உற்பத்தி எங்க பிள்ளை?"

"பூசிட்டோங்கய்யா."

"எல்லாத்தையுமோ? பதினொரு கிலோவையுமோ?"

"ஆமாங்கய்யா. பத்தவும் இல்லைங்க."

அவர் கண்கள் பனித்தன. உடனே நாட்குறிப்பை எடுத்து, "உள்ளூர் நுகர்வு அமோகம், ஆறு நாட்களில் 11 கிலோ, கேள்வியை ஈடுசெய்ய முடியாத நிலை" என்று எழுதினார். எங்கே பூசினார்கள் என்று கேட்கவில்லை. உதட்டுச்சாயத்தை எங்கே பூசினாய் என்று ஒரு பெண்ணிடம் கேட்பது பண்பாடல்ல.

அவர் போனதும் றிஸ்னி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்குக் காட்ட ஒரு குழாய்கூட இல்லை. புதிதாகச் செய்ய மெழுகும் இல்லை. அப்போது கருப்பம்மா அந்தப் பால்மாத் தகரத்தை நீட்டினாள். அடியில் ஒரு கொட்டைப்பாக்களவு மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னத்து மெழுகு?"

"கழிச்சது மிஸ். சாக்குக்கும் தண்ணிக்கும்."

றிஸ்னிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. "ஏன் கழிச்ச?"

"நிறுவைன்னா கழிக்கணும்ல?"

"அப்ப மிச்ச மெழுகெல்லாம் எங்க?"

"கரண்டு போனப்ப வீட்டுல விளக்கா எரிஞ்சிருச்சு. கழிச்சது வேற எங்க மிஸ் போகும்? கழிச்சவங்க வூட்டுக்குத்தானே போகும். எங்க கொழுந்தும் அப்படித்தானே போச்சு."

றிஸ்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், பதுளைக் கடைவீதியில் ஹாஷிம் முதலாளியின் கடைக்குப் போன்போட்டு இரண்டு பெட்டி சிவப்பு மெழுகுவர்த்தி அனுப்பச் சொன்னாள். பின்னேர பஸ்ஸில் பெட்டிகள் வந்தன. மெழுகுவர்த்தியை அளவாக வெட்டி, திரியை உருவி, நுனியைச் சாய்வாகச் சீவி, நெருப்பில் ஒருதடவை காட்டினார்கள். குழாயில் வைத்தபோது அப்படியொரு அழகு. தலை குனியவேயில்லை.

"அப்ப வாய்க்கு?" என்றாள் விஜயலெட்சுமி.

"அதுக்கு யாரும் பயிற்சி குடுக்க வேணாம்" என்று கருப்பம்மா இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையைத் தட்டினாள். "சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடுங்கடி."

இப்படியாகச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் வந்தது. கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினரான அம்மையார் ரிப்பனை வெட்டினார். முப்பத்திரண்டு பெண்கள் வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மருதாணி பிடித்ததுபோல் எல்லோருடைய உதடும் சிவந்திருந்தது. வெள்ளைக் கோப்பைகளில் பிளேன்டீ கொடுக்கப்பட்டது. குடித்துவிட்டு வைத்த கோப்பைகளை ஜெயரட்ணம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒரு கறைகூட இல்லை.

"எத்தனை மணித்தியாலம் நிற்கும்?" என்று அம்மையார் வியந்தார்.

"எங்கம்மா செத்தப்பக்கூடப் போகலைங்க" என்றாள் கருப்பம்மா.

அம்மையார் ஒரு குழாயைத் திறந்து தன் உதட்டில் பூசிப் பார்த்தார். ஒன்றும் படியவில்லை. மறுபடி அழுத்திப் பூசினார். கண்ணாடியில் பார்த்தார். 

"ஒண்டிலயும் ஒட்டாது மேடம்" என்றார் ஜெயரட்ணம். "அதுதான் இதின்ர விசேஷம்."

"பிரமாதம்! பூசினதே தெரியவில்லை" என்றார் அம்மையார். கைதட்டல் மலையில் எதிரொலித்தது.

திரும்பும்போது அம்மையாரின் வாகனம் மேல்ரோட்டில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் நாலாம் நம்பர் லயத்தின் கூரை முழுவதும் காலடியில் தெரியும். துருப்பிடித்த தகரமெங்கும் நூற்றுக்கணக்கில் சிவப்பு அப்பல்கள், யாரோ கூரைக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனதுபோல. அம்மையார் என்னவென்று கேட்டார். ஜெயரட்ணத்துக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"உங்களை வரவேற்கிற அலங்காரம், மேடம்."

அம்மையார் நெகிழ்ந்துபோய்ப் படம் எடுக்கச் சொன்னார். எடுக்கப்பட்டது. விஜயலெட்சுமி ஓடிவந்து, மூச்சிரைக்க, "ஐயா, அந்தக் கூரை விசயம்..." என்றாள்.

"மறக்கேல்லை பிள்ளை. அறிக்கை போனவுடன."

அறிக்கை போனது. திட்டம் மாபெரும் வெற்றி என்று நூற்றிருபது பக்கம். அட்டையில் கூரைப் படம். இரண்டு மாதம் கழித்து, பிரேசில் பனைமெழுகும் இனி வராது, நிதியும் முடிந்தது என்று பிள்ளைக்காம்பரா மறுபடி பூட்டப்பட்டது. வெற்றி பெற்ற திட்டத்தை மேலும் நடத்துவது அதன் வெற்றியைச் சந்தேகிப்பதாகும் அல்லவா?

மாசி வெயில் தொடங்கியது. தகரம் பழுக்கக் காய்ந்தது. ஒரு மத்தியானம் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டிலில் கிடத்திவிட்டு விஜயலெட்சுமி திரும்புவதற்குள், கூரையிலிருந்து ஏதோ சொட்டியது. மழையில்லை, வானம் சுத்தமாக இருந்தது. பிள்ளையின் நெற்றிக்கு நடுவில் ஒரு சிவப்புத் துளி, பொட்டு வைத்ததுபோல. பிள்ளை கைகாலை உதைத்துச் சிரித்தது. விஜயலெட்சுமி அண்ணாந்து பார்த்தாள். எட்டு ஓட்டையிலும் வெயில் தெரிந்தது. ஐப்பசியில் எந்தத் துளிக்குப் பயந்தாளோ, அது நிறம் மாறி வந்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன்னே தகரம் கேட்டு மறுபடி ஓட வேண்டும்.

அன்று பின்னேரமே தபாலில் கடிதம் வந்தது. மகளிர் மறுமலர்ச்சிச் செயற்றிட்ட அலுவலகம். அறிக்கையின் அட்டைப்படத்தை உன்னிப்பாக ஆராய்ந்ததில், மேற்படி லயத்தின் கூரையில் ஓட்டை எதுவும் காணப்படவில்லை என்றும், ஆகவே தகரம் கோரும் விண்ணப்பம் இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது என்றும் அதில் கண்டிருந்தது. மேலும், செயற்றிட்டத்துக்குச் சொந்தமான பதினொரு கிலோ உதட்டுச்சாயம் "உதடு அல்லாத பரப்பில்" பூசப்பட்டுள்ளதாகப் பின்னர் தெரியவந்திருப்பதால், அதற்கான விளக்கத்தைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் சமர்ப்பிக்குமாறு உற்பத்தித் தலைவி கேட்கப்பட்டிருந்தாள்.

கருப்பம்மா கடிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். "என்னாடி செய்யப் போற?"

"கேட்டுருக்காங்கல்ல? சொல்லிட வேண்டியதுதான்."

விஜயலெட்சுமி பேனாவை எடுத்தாள். இந்தமுறை "கனம்" போடவில்லை. இரண்டு பக்கமும் எழுதவில்லை. பேசுகிறபடியே எழுதினாள். முப்பத்திரண்டு பேரும் கீழே வெற்றிலைச் சிவப்பில் பெருவிரலைத் தோய்த்து ஒற்றினார்கள். பதுளை அலுவலகத்தின் கோப்பில் அது இன்றும் பத்திரமாக இருக்கிறது:

"ஐயா, உதட்டுல பூசச் சொன்னத ஏன் கூரையில பூசுனீங்கன்னு கேட்டுருக்கீங்க. எங்க உதடு ஒழுகலைங்க. கூரதான் ஒழுகுச்சு. ஒழுகுன எடத்துல பூசினோம். ஓட்டைய அடைக்கத்தான் குடுத்தீங்கன்னு நெனச்சோம். எங்க வாய அடைக்கக் குடுத்தீங்கங்கறது வெளங்காமப் போச்சு. மன்னிச்சுக்கங்க."